உடன்மூவர் சொல்

அன்புள்ள ஐயா,

சோழர் காலத்தை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 12 அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. கதாநாயகன் ஓர் ஒற்றன். அவனும் இன்னும் இரண்டு ஒற்றர்களும் பகைநாட்டிலிருந்து திரும்புகிறார்கள். எல்லை தாண்டியதும் பாழடைந்த மண்டபம் ஒன்றில் சந்தித்து, பார்த்ததை ஒப்பிட்டுப் பேசி, பிறகு அரசனிடம் போய் ஒரே செய்தியாகச் சொல்கிறார்கள். இதுதான் நாவலின் உச்சக்காட்சி.

எனக்குச் சில கேள்விகள். ஒற்றன், வேவு, உளவாளி எல்லாம் ஒன்றுதானா? அந்தக் கால ஒற்றர்கள் என்னென்ன கருவிகள், மறைமொழிகள் வைத்திருந்தார்கள்? உளவு அறமா? செயற்கைக்கோள் காலத்தில் மனித ஒற்றன் எதற்கு? திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தையும் படித்தேன். மூன்று பேர் சொன்னது ஒத்திருந்தால் நம்பலாம் என்கிறது. உண்மையைச் சொன்னால், மிக எளிமையாகத் தோன்றியது. இன்றைய உளவுத்துறைகளுக்கு இது எதற்கு ஆகும்?

ர.,
தாராபுரம்

அன்புள்ள ர.,

உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒற்றாடலின் ஒன்பதாவது குறளைப் பற்றிச் சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அதே குறளை எளிமையானது என்று ஒதுக்கிவிட்டு வந்து நிற்கிறீர்கள். மற்றவற்றை முதலில் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

பகைவரின் ஆநிரை கவரும் வெட்சித் திணையின் துறைகளை அடுக்கும்போது தொல்காப்பியம் 'புடைகெட ஒற்றின் ஆகிய வேயே' என்கிறது. பகைவர் அறியாதபடி ஒற்றரால் கிடைத்த செய்திதான் வேய். ஒற்று என்பது ஆள், வேய் என்பது அவன் கொண்டுவந்த சரக்கு. அந்தச் சரக்கு முழுதாக வந்து சேர்ந்த பிறகே படை பகைவர் ஊரின் புறத்தே போய்த் தங்குகிறது; அது அடுத்த துறை. இன்று இரண்டையும் சேர்த்து உளவு என்று சொல்லிவிடுகிறோம். நாவலில் ஆளையும் செய்தியையும் பிரித்தே வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கருவிகளின் மேல் இவ்வளவு ஆசை வேண்டாம். ஐயம் எழுப்பாத உருவம், எதிராளியின் கண்ணுக்கு அஞ்சாமை, தெரிந்ததை எங்கும் சிந்தாமை என்று மூன்றே தகுதிகளை ஒரு குறள் சொல்கிறது. அர்த்தசாஸ்திரம் மாணவன், துறவி, குடியானவன், வணிகன், தவசி என்று வேடங்களை அடுக்குகிறது. ஓரிடத்தில் நெடுநேரம் இருக்கவும் நாலு பேரிடம் கேள்வி கேட்கவும் இவர்கள் எல்லோருக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம்தான் கருவி. மோதிரத்துக்குள் நஞ்சு, கைத்தடிக்குள் கத்தி எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள்.

அறமா என்று கேட்கிறீர்கள். வள்ளுவர் இதைப் பொருட்பாலில், அரசியலில் வைத்தார், அறத்துப்பாலில் வைக்கவில்லை. அதற்கு மேல் நான் வாதாடப் போவதில்லை. ஆனால் ஒன்று. நலங்கிள்ளியிடம் இருந்துவிட்டு உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவரை, ஒற்றன் என்று எண்ணி நெடுங்கிள்ளி கொல்லத் துணிந்தான். கோவூர்கிழார் ஒரு பாட்டுப் பாடி அவர் உயிரை மீட்டார். புறநானூற்றில் 47-ஆம் பாட்டு அது. உளவில் அறக்கேடு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். சரிபார்க்காத ஒரு செய்தியின் மேல் ஒருவன் கழுத்தை வைப்பது.

செயற்கைக்கோள் லாரியைக் காட்டும், லாரிக்குள் இருப்பதைக் காட்டாது. இதற்கு ஓர் உதாரணம் பின்னால் வருகிறது.

இப்போது குறளுக்கு வருவோம்.

ஒற்றொற் றுணராமை ஆள்க உடன்மூவர்
சொற்றொக்க தேறப் படும்.

தம்பி, நீங்கள் படித்தது 'உடன்மூவர்' தொடங்கி. அதற்கு முன்னால் மூன்று சீர் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும். அப்படி ஆண்ட மூவரின் சொல் ஒன்றாகக் கூடினால் அது தெளியப்படும். 'ஆள்க' என்பது கட்டளை, 'தேறப்படும்' என்பது அதன் விளைவு. கட்டளையைப் படிக்காமல் விளைவை மட்டும் எடுத்துக்கொண்டு எளிமையாக இருக்கிறது என்பது, மருந்துச் சீட்டில் அளவை விட்டுவிட்டு மருந்தின் பெயரை மட்டும் படிப்பது போல. அர்த்தசாஸ்திரமும் இரண்டு பாதியையும் சேர்த்தே சொல்கிறது. ஒற்றர் குழுக்கள் ஒன்றையொன்று அறியக் கூடாது, மூவர் சொல் ஒத்தால் நம்பிக்கை. ஊரெல்லாம் மேற்கோள் காட்டுவது இரண்டாம் பாதியைத்தான். 'மூன்று பேர்' என்ற எண் மனத்தில் நின்றுவிடுகிறது, 'அறியாதபடி' என்பது உதிர்ந்துவிடுகிறது.

அது உதிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 20-ஆம் நூற்றாண்டில் ஒரு முழுப் போரே சாட்சி, இரண்டாம் உலகப் போர்.

1944 மே மாதம், மாட்ரிட்டில் உள்ள ஜெர்மன் ராணுவ உளவுத்துறை அலுவலகம். அங்கே கார்ல்-எரிக் குயெலென்டால் என்ற அதிகாரியின் மேசைக்கு பிரிட்டனிலிருந்து நாள்தோறும் செய்தி வந்துகொண்டிருக்கிறது. அனுப்புபவர் ஹுவான் புஜோல் என்ற பார்சிலோனாக்காரர். அவருக்குக் கீழே துணை ஒற்றர்கள் 27 பேர். துறைமுகத்தில் ஒருவன், ராணுவ முகாமுக்குப் பக்கத்தில் ஒருவன் என்று நாடு முழுக்க ஆட்கள். ஜனவரியிலிருந்து, ஜூனில் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் நடந்த படையிறக்கம் வரை மட்டும் 500-க்கும் மேற்பட்ட வானொலிச் செய்திகள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. தென்கிழக்கு இங்கிலாந்தில் ஜெனரல் பேட்டன் தலைமையில் ஒரு பெரும் அமெரிக்கப் படைத்தொகுதி குவிந்திருக்கிறது, அது பிரான்சின் கலே கடற்கரையில்தான் இறங்கும் என்பது செய்தியின் சாரம். 'ப்ரூட்டஸ்' என்ற குறிப்பெயர் கொண்ட போலந்து அதிகாரியும் அதையே சொல்கிறார். ஜெர்மானியர் ஒட்டுக்கேட்ட ராணுவ வானொலிப் போக்குவரத்தும் அதையே சொல்கிறது.

எண்ணிப் பாருங்கள். புஜோல், ப்ரூட்டஸ், வானொலி. உடன்மூவர் சொல் தொக்கது. நீங்கள் படித்த பாதிக் குறளின்படி நம்பிவிடலாம்.

ஆனால் அந்த 27 பேரில் ஒருவர்கூட உயிருள்ள மனிதர் இல்லை. புஜோலும் அவரை நடத்திய தோமாஸ் ஹாரிஸ் என்ற, பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.5-இன் அதிகாரியும் ஓர் அறையில் உட்கார்ந்து உருவாக்கிய பாத்திரங்கள். புஜோலுக்கு ஆங்கிலேயர் வைத்த குறிப்பெயர் 'கார்போ'. ப்ரூட்டஸையும் அவர்கள்தான் இயக்கினார்கள். வானொலிப் போக்குவரத்து, இல்லாத ஒரு படைக்காக அனுப்பப்பட்டது. இந்த இரட்டை ஒற்றர்களையெல்லாம் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்த குழு 1941 ஜனவரியில் கூடத் தொடங்கியது. ஜான் மாஸ்டர்மன் என்ற ஆக்ஸ்போர்டு வரலாற்றாசிரியர் அதன் தலைவர். மூன்று வாய், ஒரு கை.

ஜெர்மானியருக்கு இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா? இருந்தது. 1941-இல் புஜோல் லண்டனில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு லிஸ்பனில் உட்கார்ந்து எழுதியவர். பிரிட்டனை அவர் பார்த்ததே இல்லை. ஒரு சுற்றுலாக் கையேட்டையும் நூலகப் புத்தகங்களையும் வைத்துக்கொண்டு அறிக்கை எழுதினார். கிளாஸ்கோவில் ஒரு லிட்டர் ஒயினுக்கு எதையும் செய்யக்கூடிய ஆட்கள் உண்டு என்று எழுதினார். ஸ்காட்லாந்துத் தொழிலாளி ஒயினை லிட்டரில் அளந்து குடிப்பவன் அல்ல. அது ஸ்பெயின்காரனின் அளவு. பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. செலவுகளைத் தனித்தனியாக எழுதி, கூட்டுத்தொகை போடாமலே அனுப்பினார். கிளாஸ்கோவில் ஆறு மாதம் இருந்த ஒருவரிடம் அந்தக் கடிதத்தைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். யாரும் கொடுக்கவில்லை.

இன்னொன்று. லிவர்பூலில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு துணை ஒற்றன், அங்கிருந்து ஒரு பெரிய கப்பற்படை கிளம்பியதைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் வேண்டியிருந்தது. அவனுக்கு நோய் வந்தது, பிறகு அவன் இறந்தான். உள்ளூர்ச் செய்தித்தாளில் இரங்கல் அறிவிப்பு வந்தது. ஜெர்மானியர் அதை ஏற்றுக்கொண்டு அவனுடைய விதவைக்கு உதவித்தொகையும் கொடுத்தார்கள். பிறவாத ஒருவனின் விதவைக்கு! அறிவிப்பைக் கொடுத்தது எம்.ஐ.5. எதிரியின் ஊர்ச் செய்தித்தாளைக் கொண்டு எதிரியின் ஊரிலிருந்து வந்த செய்தியைச் சரிபார்த்தால், திருடன் வீட்டுக் கணக்குப்பிள்ளையிடமே களவுக்கணக்குக் கேட்டதாக ஆகும்.

ஏன் அவர்கள் சோதிக்கவில்லை? முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது சரியான விடை அல்ல. ஒற்றனை நடத்துகிறவனின் மானம் ஒற்றனோடு கட்டப்பட்டுவிடுகிறது. பிரிட்டனுக்குள் 27 பேர் வைத்திருக்கிறேன் என்று பெர்லினில் பேர் வாங்கிய அதிகாரி, அந்த 27 பேரும் பொய் என்று எப்படித் தானாகப் போய்த் தேடுவான்? அதனால்தான் வள்ளுவர் முந்தைய குறளில் 'ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்' என்கிறார். 'மற்றுமோர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கொண்டுவந்தவனும் நடத்தியவனும் சோதிக்கக் கூடாது. சோதிக்கிறவன் வேறு.

ஆங்கிலேயரிடம் அந்த மற்றுமோர் ஒற்று இருந்தது. ஜெர்மன் உளவுத்துறை எனிக்மா என்ற மறைகுறி இயந்திரத்தில் அனுப்பிய செய்திகளை 1941 டிசம்பரிலிருந்து பிளெட்ச்லி என்ற குறியீடு உடைக்கும் நிலையத்தில் உடைத்துப் படித்தார்கள். புஜோல் மாட்ரிட்டுக்கு அனுப்பிய பொய், மாட்ரிட்டிலிருந்து பெர்லினுக்குப் போகும்போது கூடியதா குறைந்ததா, பெர்லின் நம்பியதா என்று அவர்களால் பார்க்க முடிந்தது. 1944 ஜூன் 9-ஆம் தேதி புஜோல் அனுப்பிய நீண்ட செய்தி, நார்மண்டி வெறும் திசைதிருப்பல், பெரிய அடி கலேயில் விழும் என்றது. ஜூலை, ஆகஸ்ட் வரையில் கலே பகுதியில் 21 ஜெர்மன் டிவிஷன்கள் வராத படைக்காகக் காத்திருந்தன. ஜூலை 29-இல் புஜோலுக்கு இரும்புச் சிலுவை விருது என்று ஜெர்மானியர் மறைகுறி வானொலியில் அவருக்குச் சொன்னார்கள். அதே ஆண்டு பிரிட்டனும் அவருக்கு ஒரு விருதைக் கொடுத்தது, யாருக்கும் தெரியாமல். ஒற்றனுக்குப் பலர் அறியச் சிறப்புச் செய்தால் நீயே மறையை வெளிப்படுத்தியவன் ஆவாய் என்று அதிகாரத்தின் கடைசிக் குறள் சொல்கிறது. அதை மட்டும் இரு தரப்பும் கடைப்பிடித்தன.

இதைப் படித்துவிட்டு ஆங்கிலேயர் கெட்டிக்காரர்கள், ஜெர்மானியர் ஏமாளிகள் என்று நாவலில் எழுதிவிடாதீர்கள். அதே போரில், அதே லண்டனில், வேறோர் அலுவலகம் இதே பாதிக் குறளால் ஏறக்குறைய ஐம்பது ஆட்களைக் காவு கொடுத்தது. இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஜெர்மன் பிடியில் இருந்த ஹாலந்துக்குள் லண்டனிலிருந்து ஆட்களைப் பாராசூட்டில் இறக்கினார்கள். ஹூப் லௌவர்ஸ் என்ற வானொலிக்காரர் 1942 மார்ச் 6-ஆம் தேதி ஹேக் நகரில் பிடிபட்டார். ஜெர்மன் அதிகாரி கிஸ்கெஸ் அவரைக் கொண்டே லண்டனுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கினார். லௌவர்ஸ் சம்மதித்தார், ஒரு நம்பிக்கையின் பேரில். ஒவ்வொரு வானொலிக்காரருக்கும் ஒரு காப்புக்குறி உண்டு. செய்தியில் குறிப்பிட்ட இடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை செய்வார். பிழை இருந்தால் அவர் விடுதலையாக இருக்கிறார். பிழை இல்லாவிட்டால் பிடிபட்டுவிட்டார். லௌவர்ஸின் காப்புக்குறி, ஒவ்வொரு 16-ஆவது எழுத்திலும் ஒரு பிழை.

பிடிபட்டபோது அவர் கையில் அனுப்பாத செய்திகள் இருந்தன. காப்புக்குறி என்ன என்று கேட்டு நெருக்கினார்கள். வாக்கிய முடிவுக்கு 'ஸ்டாப்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போடுவது தந்தி வழக்கம். கையிலிருந்த தாள்களில் 16-ஆவது எழுத்து தற்செயலாக அந்தச் சொல்லின் நடு உயிரெழுத்தில் விழுந்திருந்தது. அது ஓரிடத்தில் 'ஸ்டிப்' என்றும் இன்னோரிடத்தில் 'ஸ்டெப்' என்றும் மாறியிருந்தது. அதையே காட்டி, ஸ்டாப்பை இப்படித் திரிப்பதுதான் என் காப்புக்குறி என்று சொன்னார். கழுத்தில் கத்தி இருக்கும்போது ஒரு மனிதன் இவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறான். அதன் பிறகு அவர் அனுப்பிய செய்திகளில் ஸ்டாப் திரிந்திருக்கும், 16-ஆவது எழுத்து சரியாக இருக்கும். நான் பிடிபட்டுவிட்டேன் என்று அவர் ஒவ்வொரு முறையும் கத்திக்கொண்டிருந்தார்.

லண்டன் கவனிக்கவில்லை. அடுத்த ஆளை இறக்கும் இடத்தைக் கேட்டது. கிஸ்கெஸ் இடம் சொன்னார். வந்தவன் இறங்கியதும் பிடிபட்டான். அவனுடைய வானொலியும் கிஸ்கெஸ் கைக்கு வந்தது. அப்புறம் இன்னொருவன். இப்போது பல வானொலிகள் ஒன்றையொன்று உறுதி செய்தன. இன்னார் நலம், இன்னார் வந்து சேர்ந்தார், ஆயுதம் கிடைத்தது. லண்டனில் உட்கார்ந்து பார்த்தால் சொல் தொக்கது. ஒவ்வொரு வாயும் இன்னொரு வாய்க்குச் சாட்சி. எல்லா வாயும் கிஸ்கெஸ் வாய்.

குறியீட்டுப் பிரிவில் இருந்த லியோ மார்க்ஸ் என்ற இளைஞருக்கு ஒன்று உறுத்தியது. மற்ற நாடுகளிலிருந்து வரும் செய்திகளில் குறியீட்டுப் பிழைகள் மலிந்திருக்கும். இருட்டில், பயத்தில், குளிரில் எழுதினால் வேறு எப்படி இருக்கும்? ஹாலந்துச் செய்திகளில் மட்டும் பிழையே இல்லை. நிதானமாக, வெளிச்சத்தில், மேசையில் எழுதியவை போல இருந்தன. அவர் சொன்னதை மேலே இருந்தவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இனிமேல்தான். 1943 ஆகஸ்ட் இறுதியில் டௌர்லைன், உபிங்க் என்ற இரண்டு கைதிகள் ஹாரன் சிறையிலிருந்து தப்பினார்கள். கால்நடையாகவும் ரயிலிலுமாக ஸ்விட்சர்லாந்து போய்ச் சேர்ந்து, எல்லாம் ஜெர்மன் கையில் இருக்கிறது என்று சொன்னார்கள். அந்த வலைக்கு வெளியே வந்த உண்மையான தனிச் சாட்சிகள் அவர்கள். கிஸ்கெஸ் உடனே தன் வானொலிகள் வழியாக, தப்பி வந்தவர்கள் ஜெர்மன் காவல்துறைக்கு விலைபோனவர்கள் என்று லண்டனுக்குச் சொன்னார். லண்டன் எண்ணிப் பார்த்தது. ஒரு பக்கம் பல வானொலிகள், மறுபக்கம் இரண்டு பேர். இங்கிலாந்து வந்து சேர்ந்ததும் அந்த இருவரையும் பிரிக்ஸ்டன் சிறையில் அடைத்தார்கள். பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் 1944 செப்டம்பரில் மௌத்தவுசன் என்ற நாஜி வதைமுகாமில் கொல்லப்பட்டார்கள்.

இனி எளிமை என்று சொல்வீர்களா?

இதே சிக்கல் நம் வீட்டிலேயே இருக்கிறது. ஏடு பதிப்பித்தவர்களைக் கேளுங்கள். ஒரு செய்யுளுக்கு மூன்று சுவடி கிடைக்கிறது, மூன்றிலும் ஒரே பாடம். மகிழ்ந்துபோய் அச்சுக்கு அனுப்பிவிடக் கூடாது. மூன்றும் ஒரே மடத்து மூலச் சுவடியிலிருந்து படியெடுத்தவை என்றால் அவை ஒரு சுவடிதான். அதைக் கண்டுபிடிக்கும் வழி, பிழைகளைப் பார்ப்பது. சரியான பாடம் ஒத்திருப்பது எதையும் நிரூபிக்காது. யார் எழுதினாலும் சரி சரியாகத்தான் இருக்கும். இரண்டு சுவடியில் ஒரே இடத்தில் ஒரே அடி விடுபட்டிருந்தால், ஒரே சொல் ஒரே மாதிரி சிதைந்திருந்தால், இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒற்றர் சொல்லைச் சோதிப்பதும் இதே வேலை. இருவர் அறிக்கையில் ஒரே ஊர்ப்பெயர் ஒரே மாதிரித் தவறாக இருந்தால், இருவரும் ஒருவனிடம் கேட்டிருக்கிறார்கள்.

செய்முறையாகக் கேட்டால் சொல்கிறேன். முதலில் செய்தியையும் அது வந்த வழியையும் தனித்தனியாக எழுத வேண்டும். கண்ணால் பார்த்தானா, கேட்டானா? கேட்டான் என்றால் யாரிடம்? அவன் யாரிடம்? இழுத்துக்கொண்டே போனால் மூன்று அறிக்கையும் ஒரே டீக்கடை பெஞ்சில் போய் முடிவது அடிக்கடி நடக்கும். நேட்டோ நாட்டு உளவுப் பிரிவுகளில் ஆளுக்கு ஓர் எழுத்து, செய்திக்கு ஓர் எண் போடுவார்கள். ஏ முதல் எஃப் வரை ஆளின் நம்பகம். 1 முதல் 6 வரை செய்தியின் உறுதி. எஃப்பும் 6-ம் பொய் என்று பொருளல்ல, மதிப்பிட வழியில்லை என்று பொருள். செய்திக்கு 1 போட வேண்டுமானால் தொடர்பில்லாத வேறு வழிகளிலும் அது உறுதிப்பட்டிருக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. நல்லவன் தவறான செய்தி கொண்டுவருவான், போக்கிரி சரியான செய்தி கொண்டுவருவான். நடைமுறையில் கைதவறுவது இங்கேதான். ஆள் ஏ என்று போட்ட கை தானாகவே பக்கத்தில் 1 என்று போட்டுவிடுகிறது.

அடுத்தது, நீயாகவே ஒரு குறியை விதைத்து அது எங்கே முளைக்கிறது என்று பார்ப்பது. 1942 மே மாதம் ஜப்பானியச் செய்திகளில் 'ஏ.எஃப்.' என்ற இடத்தைத் தாக்கப்போவதாக வந்தது. ஹவாயில் இருந்த ஜோசப் ரோஷ்ஃபோர்ட் குழு அது மிட்வே தீவு என்று கணித்தது, வாஷிங்டன் ஒப்பவில்லை. மிட்வேக்குக் கடலடிக் கம்பி வழியாக, ஜப்பானியர் கேட்க முடியாத வழியில், ஓர் உத்தரவு போனது. உங்கள் குடிநீர் வடிப்பு இயந்திரம் பழுது என்று வானொலியில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொன்னார்கள். ஓரிரு நாளில் ஜப்பானியச் செய்தி ஒன்று உடைபட்டது: ஏ.எஃப்.-இல் நன்னீர்ப் பஞ்சம். இரண்டு வழியும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொண்டதுதான் இதில் அழகு. உத்தரவே வானொலியில் போயிருந்தால் சோதனை செத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சந்தேகப்படுவதே சோதனை ஆகிவிடாது. கேம்பிரிட்ஜில் படித்த ஐந்து ஆங்கிலேயர் சோவியத்துக்கு உண்மையாகவே உளவு சொன்னார்கள். சோவியத்துக்குள் இருக்கும் பிரிட்டிஷ் ஒற்றர்களின் பெயரை இவர்கள் ஏன் சொல்லவில்லை என்று மாஸ்கோ கேட்டது, அப்படிப்பட்ட ஒற்றர்கள் இல்லை என்ற விடையை நம்ப மனமில்லாமல். 1943-இல் ஐவரையும் இரட்டை ஒற்றர்கள் என்றே முடிவுகட்டியது. மெய்யைத் தள்ளுவதற்கும் பொய்யைக் கொள்வதற்கும் காரணம் ஒன்றே: முடிவை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு செய்தியைப் படிப்பது.

லாரி உதாரணம் சொல்கிறேன் என்றேன். 2003 பிப்ரவரி 5-ஆம் தேதி கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில், இராக்கிடம் லாரிகளில் ஓடும் கிருமி ஆயுதக் கூடங்கள் இருப்பதாகச் சொன்னார். நான்கு பேர் சொன்னதாகச் சொன்னார். வள்ளுவர் கேட்டதைவிட ஒன்று கூட! ஆனால் கதையின் முதுகெலும்பு ஒரே ஆள், ஜெர்மனியில் அடைக்கலம் தேடிவந்த 'கர்வ்பால்' என்ற குறிப்பெயர்க்காரர். ஜெர்மானியர் அவரை நேரில் விசாரிக்க அமெரிக்கர்களை விடவில்லை. நால்வரில் இன்னொருவர், இராக்கிலிருந்து ஓடிவந்த ராணுவ மேஜர், புனைந்து பேசுகிறவர் என்று அமெரிக்க ராணுவ உளவுத்துறையே அதற்கு முந்தைய ஆண்டு குறித்து வைத்திருந்தவர். அந்தக் குறிப்பு உரை எழுதியவர்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை. கர்வ்பால் 2011-இல் தான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டார். அதற்குள் ஒரு நாடு அழிந்திருந்தது. இன்றைய உளவுத்துறைக்கு இந்தக் குறள் எதற்கு ஆகும் என்று கேட்டீர்களே, இதற்கு ஆகும்.

இப்போது உங்கள் மண்டபம்.

மூன்று ஒற்றர்களும் அரசனைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்தில் சந்தித்து ஒப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை உச்சக்காட்சி என்றும் சொல்கிறீர்கள். அந்த ஒரு சந்திப்போடு உங்கள் அரசன் மூன்று ஒற்றர்களை இழந்தான். அவனிடம் மிச்சம் இருப்பது ஒருவன். ஒருவன் யானை 300 என்பான், இன்னொருவன் 500 என்பான், பேசிப் பேசி 400 என்று சமாதானம் ஆவார்கள். அரசனுக்கு வேண்டியது அந்த 300-க்கும் 500-க்கும் இடையே இருந்த வேறுபாடு. எங்கே நின்று எண்ணினாய், காலையிலா மாலையிலா, தண்ணீர்த் துறையில் போன யானையையே திரும்பவும் எண்ணினாயா என்று அவன் கேட்டிருப்பான். நீங்கள் மண்டபத்திலேயே அதைப் பூசி மெழுகிவிட்டீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். 12 அத்தியாயம் எழுதியவருக்கு ஒரு காட்சியை மாற்றுவது பெரிய வேலை அல்ல. மூன்று பேரையும் மூன்று வழியில் வரவையுங்கள். ஒருவனைப் பற்றி மற்றவனுக்குத் தெரியவே வேண்டாம். கதாநாயகன் தான் ஒருவன்தான் போனதாக நினைத்துக்கொண்டிருக்கட்டும். அரசன் அவனைக் கேட்ட கேள்வியையே இரண்டு முறை கேட்கட்டும், ஏன் என்று அவனுக்குப் புரியாமல் இருக்கட்டும். அவன் வெளியே வரும்போது வாசலில் ஒரு சாமியார் உட்கார்ந்திருப்பார். அவரும் உள்ளே போகக் காத்திருக்கிறார் என்பது வாசகனுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

மாற்றி எழுதியதும் அந்த அத்தியாயத்தை மட்டும் அனுப்புங்கள். படித்துச் சொல்கிறேன்.